நனைந்த சீட்டும் குட்டி மாமியின் உயரமும்

முதலில் கொண்டை தெரிந்தது. அப்புறம் நெற்றி, குங்குமம். அப்புறம் கண்ணாடி. கடைசியாக இரண்டு மூக்குத்திகளும் வெயிலில் ஒரே நேரத்தில் பற்றிக்கொண்டன.

மந்தைவெளியில் ஒரு கல்யாண மண்டபத்து வாசல். பச்சை நிறத்தில் ஒரு அமெரிக்கக் கார், தெருவின் பாதியை அடைத்துக்கொண்டு நின்றிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஆள் இல்லை. ஆள் இல்லாமல் எப்படி ஓடுகிறது என்று நான் சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு பார்த்தேன். காருக்குள்ளிருந்து தேனீக் கூட்டம் முனகுவதுபோல ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தோடு சேர்ந்து, ஸ்டியரிங்குக்கு மேலே, மெல்ல மெல்ல, ஒரு முகம் உதித்தது.

உதித்தது என்றுதான் சொல்ல வேண்டும். எழுந்தது என்றால் போதாது.

முகம் முழுசாக வந்து நின்றதும் சத்தமும் நின்றது. முகம் இரண்டு பக்கமும் பார்த்தது. என்னைப் பார்த்து, "நகருப்பா, காலை வெச்சுண்டு நிக்கறியே, ஏத்திடப் போறேன்" என்றது. கார் மிதந்துகொண்டு போயிற்று.

போன வாரம் எங்கள் பட்டறையின் தகரக் கூரையைப் பற்றி எழுதியதைப் படித்தவர்கள், அதன் கீழே நின்ற பச்சைக் கார் என்ன ஆயிற்று என்று கேட்கிறார்கள். அந்தக் கார் இதுதான். எழுபதுகளின் தொடக்கம். எந்த வருஷம் என்று என்னைக் கேட்காதீர்கள். மழை பெரிதாகப் பெய்த வருஷம்.

மிதக்கும் முறுக்கு

மாமியின் பெயர் ஜெயலக்ஷ்மி. மயிலாப்பூர் முழுக்கக் 'குட்டி மாமி' என்றால்தான் தெரியும். உயரம் அப்படி. காய்கறிக் கடையில் தராசுக்குப் பின்னால் நின்றால் கடைக்காரருக்கு அவர் தெரியமாட்டார். குரல் மட்டும் வரும். கத்தரிக்காயில் சொத்தை இருக்கிறதென்று அந்தக் குரல் சரியாகச் சொல்லும்.

தொழில், கல்யாணச் சீர் பட்சணம். பெண் வீட்டார் வரிசையில் வைக்கும் முறுக்கு, லட்டு, அதிரசம், பருப்புத்தேங்காய். அதிலும் கைமுறுக்கு. விரலாலேயே மாவை முறுக்கி முறுக்கிச் சுற்றிக்கொண்டு போவார். தாம்பாளம் அகலத்துக்கு ஒரே முறுக்கு. அதைப் பார்த்தால் தின்னத் தோன்றாது, கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றும்.

அந்த முறுக்கில் ஒரு சங்கடம். ஒரு சுற்று உடைந்தாலும் சபையில் வைக்க முடியாது. அபசகுனம் என்று சம்பந்தி முகத்தைத் தூக்கிக்கொள்வார். டாக்ஸியில் வைத்துக் கொண்டுபோனால், லஸ் முனை தாண்டுவதற்குள் முறுக்கு பொடியாகிவிடும். குதிரை வண்டியைச் சொல்லவே வேண்டாம்.

மாமியின் கணவர் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியில் டைப் அடித்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவர். அங்கிருந்த வெள்ளைக்காரர் ஊருக்குக் கிளம்பும்போது, யாரும் சீண்டாத இந்தக் காரை அவரிடம் தள்ளிவிட்டுப் போனார். கணவருக்குக் கார் ஓட்டும் அளவுக்குப் பார்வை இல்லை. காரை வாசலில் நிறுத்திவிட்டு இருவரும் அதைச் சுற்றிச்சுற்றி வந்தார்களாம். ஒருநாள் மாமி பின்சீட்டில் ஒரு தாம்பாளம் முறுக்கை வைத்து, தெருக்கோடி வரை ஆள்விட்டு ஓட்டச்சொல்லிப் பார்த்தார். ஒன்றுகூட உடையவில்லை.

அமெரிக்காவில் அந்தக் காரை வடிவமைத்தவர்கள் எதை நினைத்து அவ்வளவு மெத்தென்ற ஸ்பிரிங்குகளைப் போட்டார்களோ தெரியாது. கைமுறுக்கை நினைத்துத்தான் போட்டார்கள் என்று மாமி நம்பினார். மாமியே ஓட்டக் கற்றுக்கொண்டார். ஸ்டியரிங் இடது பக்கம். அதனால் என்ன, சமையல்கட்டில் எல்லாம் இடக்கை வலக்கை பார்த்தா செய்கிறோம் என்பார்.

உயரம்? அதைத்தான் அந்த சீட் பார்த்துக்கொண்டது.

முன்சீட் இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரை ஒரே பெஞ்சு. இடது ஓரத்தில், கதவை ஒட்டி, தந்த நிறத்தில் ஒரு சுவிட்ச். அதை முன்னால் தள்ளினால் பெஞ்சு முன்னால் போகும். மேலே தூக்கினால் பெஞ்சு மேலே போகும். பெஞ்சுக்கு அடியில் ஒரு மோட்டார். அதிலிருந்து இரண்டு பக்கமும் சுழலும் கேபிள்கள். கேபிள் நுனிகளில் பெரிய திருகுகள். இரண்டு திருகும் ஒரே சீராகச் சுற்ற, மாமியும் மாமிக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும் அவரும், ஒன்றாக மேலே போவார்கள்.

பங்குனி உற்சவத்தில் சாமியைத் தூக்குகிறவர்கள், ஒரு நொடி மூச்சைப் பிடித்து, எல்லாத் தோளும் ஒரே தோளாகி, எழும்புவார்களே. அந்த நொடியில் மாடவீதியே சேர்ந்து மூச்சைப் பிடிக்கும். அந்த நொடி ஒரு காருக்குள், ஒரு சுவிட்சுக்குள் இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மின்சாரம் விளக்கு எரிக்கும், காற்றாடி சுற்றும் என்று தெரியும். ஒரு மனுஷியை உலகம் பார்க்கும் உயரத்துக்குக் கொண்டுபோய் வைக்கும் என்று அன்றுவரை தெரியாது.

ஆறு வந்து உட்கார்ந்த இடம்

ஐப்பசி மழையில் அடையாற்றங்கரை ஓரம் ஒரு கல்யாண வீட்டுக்குப் பட்சணம் கொண்டுபோனார் மாமி. மழை விடவில்லை. இருந்துவிட்டு விடிந்ததும் போங்கள் என்று அந்த வீட்டில் நிறுத்திக்கொண்டார்கள். விடிந்தபோது வாசலில் ஆறு நின்றது. காரின் ஜன்னலுக்குக் கீழே பழுப்புத் தண்ணீர், உள்ளும் புறமும் ஒரே மட்டத்தில்.

தண்ணீர் வடிந்தபின் லாரியில் கயிறு கட்டி இழுத்து, தி.நகரில் உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள்.

எங்கள் என்றால், நானும் கரீம் பாயும். பட்டறையில் பாதி அவருடையது, பாதி என்னுடையது. அவர் கார்களுக்கு சீட் தைப்பவர். நான் கார்களுக்கு மின்சார வேலை பார்ப்பவன். பாய் என்னைவிடப் பத்துப் பதினைந்து வயசு மூத்தவர். திருவல்லிக்கேணியில் பிறந்து வளர்ந்தவர். வீட்டில் உருது, கடையில் மெட்ராஸ் தமிழ், கோபம் வந்தால் இரண்டும்.

"இன்னா சேகரு, கார் வந்துகீதா, ஏரி வந்துகீதா?" என்றார் பாய், கதவைத் திறந்ததும் காலில் கொட்டிய தண்ணீரைப் பார்த்து.

எஞ்சினை இரண்டு நாளில் மெக்கானிக் ஒருவர் உயிர்ப்பித்துவிட்டார். மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, ஆயில் மாற்றியதும், இருமி இருமி எழுந்தது. சீட் எழவில்லை. அடிமட்டத்தில், பின்கோடியில், ஆற்றோடு சேர்ந்து உட்கார்ந்தபடியே இருந்தது.

மாமி வந்தார். அண்ணாவோடு வந்தார். அண்ணா ரங்கநாதன், அசோக் நகரில் வீடு கட்டிக்கொண்டு இருந்தவர், ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். மாமி குள்ளம் என்றால் அண்ணா அதற்கு நேர்மாறு. வீட்டின் உயரம் மொத்தத்தையும் அவரே வாங்கிக்கொண்டுவிட்டார் என்று தெரிந்தது. பட்டறைத் தகரம் தலையில் இடிக்காமல் வாசலிலேயே நின்று பேசினார்.

"ஜெயா, எத்தனை தரம் சொல்றது? கோடம்பாக்கத்துல ஒரு சினிமாக் கம்பெனிக்காரா கேக்கறா. குடுத்துடுவோம். முடிஞ்சுது."

"அவா எதுக்குக் கேக்கறா, சொல்லேன்."

"எதுக்கா இருந்தா என்ன?"

"மலை மேலேர்ந்து உருட்டி விடறதுக்கு!" மாமி என் பக்கம் திரும்பினார். "பாத்தியாப்பா? சண்டைக் காட்சியாம். வில்லன் உள்ள இருக்கறப்போ உருட்டி, நெருப்பு வெப்பாளாம்."

"டாக்ஸி வெச்சுக்கோ. இல்லே, ஆத்துல அடுப்படில உக்காந்து பண்ணு, வந்து வாங்கிண்டு போகட்டும்."

"டாக்ஸில என்ன ஆறதுன்னு நோக்குத் தெரியாது அண்ணா. உடைஞ்ச முறுக்கைச் சம்பந்தி தலையில நீ வைப்பியா?"

"ஞாயித்துக்கிழமை அவாளை வரச் சொல்லிருக்கேன்" என்றார் அண்ணா. குரல் உயரவில்லை. உயரமான ஆட்களுக்கு உயர்த்த வேண்டிய தேவை இருப்பதில்லை. "அதுக்குள்ள இது ஓடி, நீயே ஓட்டிண்டு வந்தா, நான் வாயைத் திறக்கலை. இல்லேன்னா குடுத்துடணும்."

மாமி காரின் கூரையைத் தடவ எட்டிப் பார்த்தார். எட்டவில்லை. கதவின் பிடியைத் தடவினார்.

முக்காலி யோசனை

பாய் அவசரக்காரர். "இன்னாத்துக்குமா இந்த மோட்டாரு கீட்டாரு? நான் பெஞ்சை ஒசத்தி, முன்னால தள்ளி, போல்ட்டு போட்டு முறுக்கிடறேன். மேல நல்ல மெத்தை. நகரவே நகராது."

"ஏறறது எப்படி பாய்?"

"இன்னா எப்டி?"

"சீட் கீழ இருக்கறப்போதான் நான் ஏற முடியும். ஏறினதுக்கப்புறம்தான் அது மேல போகணும். மொதல்லயே மேல இருந்தா, மாடிக்கு ஏணி வெச்சாப்லன்னா ஆயிடும்!"

"ஒரு முக்காலி வெச்சிக்கோங்கம்மா."

"சரி. தெருவுல முக்காலியைப் போட்டு ஏறிடறேன். முக்காலியை யார் எடுத்து உள்ள வைப்பா? நீர் பின்னாலயே ஓடி வருவேளா?"

பாய் கொஞ்ச நேரம் அதைக் காட்சியாகப் பார்த்தார் போலிருக்கிறது. தாடியை நீவிக்கொண்டார். "சேகரு, நீயே மோட்டாரைப் பாருப்பா."

பெஞ்சைக் கழற்றித் தூக்கினோம். அதன் அடியில் ஒரு ஊர் இருந்தது. ஆற்றுச்சேறு, அதில் மினுக்கும் மைக்கா. ஊறிப்போன முறுக்குத் துண்டுகள். மாமியின் கொண்டை ஊசிகள். ஒரு புளியங்கொட்டை. ஸ்பிரிங்குக்குள் வீடு பிடித்துவிட்ட ஒரு நத்தை. பாய் நத்தையை எடுத்து, வாசல் முருங்கை மரத்தடியில் விட்டுவிட்டு வந்தார்.

பிறகு அவர் ரெக்ஸினைப் பிரித்து, உள்ளே ஊறியிருந்த பஞ்சையெல்லாம் வெளியே இழுத்துப் போட்டார். நான் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, ஒவ்வொரு கம்பியாக, ஒவ்வொரு இணைப்பாகப் பிரித்தேன். காரின் உடம்போடு சேரும், துரு பிடித்த எர்த் இணைப்பை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளக்க வைத்தேன். மோட்டாரைத் திறந்தால் ஒரு கரண்டி தண்ணீர் கொட்டியது. அதைக் கரி அனலில் காட்டி, எண்ணெய் தேய்த்துக் குளித்த குழந்தையின் தலையைச் சாம்பிராணியில் உலர்த்துவதுபோல உலர்த்தினோம். கேபிள்களை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, திருகுகளின் பழைய கிரீஸை எடுத்துவிட்டுப் புதுசு வைத்தோம்.

மோட்டாரை மேஜைமேல் வைத்து நேராகப் பேட்டரியில் கொடுத்தேன். கிர்ரென்று சுற்றியது. பாய் கை தட்டினார்.

பெஞ்சை மறுபடி காரில் வைத்து எல்லாவற்றையும் பூட்டி, சுவிட்சைத் தூக்கினேன். அடியில் 'டிக்' என்றது. அவ்வளவுதான்.

துளியும் வாயளவும்

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். மின்சார வேலை பார்ப்பவனுடைய கண் டெஸ்ட் லாம்ப்தான். ஒரு சின்ன பல்பு, இரண்டு கம்பி. கரண்ட் வரும் இடத்தில் வைத்தால் எரியும். வராத இடத்தில் எரியாது. இருட்டு வீட்டில் நடக்கிறவன் சுவரைத் தொட்டுத் தொட்டுப் போவதுபோல, அதை வைத்துக்கொண்டு நானும் போவேன்.

சுவிட்சுக்கு முன்னால் வைத்தேன், எரிந்தது. சுவிட்சைத் தூக்கிப் பிடித்து, சுவிட்சுக்குப் பின்னால் வைத்தேன், எரிந்தது. மோட்டார் வாசலில் வைத்தேன், எரிந்தது. கரண்ட் வருகிறது, மோட்டார் நல்ல மோட்டார், ஆனால் சுற்றவில்லை.

மறுபடி மோட்டாரைக் கழற்றினேன். மறுபடி மேஜையில் சுற்றியது. மறுபடி காரில் படுத்துக்கொண்டது.

இப்போது தெரிகிறது, அப்போது தெரியவில்லை: பல்புக்கு ஒரு துளி போதும், மோட்டாருக்கு வாய் நிறைய வேண்டும். அடைத்துக்கொண்ட குழாயில்கூடத் துளி சொட்டும். சொட்டுவதைப் பார்த்துவிட்டு, குழாய் நன்றாக இருக்கிறது என்று குடத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

மாமி தினமும் வந்தார். வரும்போதெல்லாம் ஒரு டப்பாவில் உடைந்த முறுக்கு. வீட்டில் சுடும்போதே உடைவது, டாக்ஸியில் போய் உடைந்து திரும்பியது. கார் இல்லாத அந்த நாட்களில் டப்பா பெரிதாகிக்கொண்டே போயிற்று. எங்களுக்கு டீக்கு அதுதான். பாய் ஒரு துண்டை டீயில் முக்கி, கண்ணை மூடிக்கொண்டு, "அம்மா, ஒடைஞ்சதே இப்டி கீதே, ஒடையாதது எப்டி இருக்கும்?" என்பார். மாமி சிரிப்பார். ஆனால் டப்பாவின் எடையைப் பார்த்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. ஒரு கல்யாண வீடு வேறு ஆளைப் பார்த்துக்கொண்டதாக ஒருநாள் சொன்னார். சும்மா சொல்வதுபோலச் சொன்னார்.

யார் மேல் இந்த வாசனை?

புதன்கிழமை என்று நினைவு. மாமி சீட்டில் ஏறி உட்கார்ந்து, தானே ஒருதரம் பார்க்கிறேன் என்று சுவிட்சைத் தூக்கிப் பிடித்தார். 'டிக்'. விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தார், பிடிவாதக்காரக் குழந்தையின் காதைப் பிடிப்பதுபோல.

பிறகு என்னைக் கிட்டே கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "பாய் என்ன அத்தர் போட்டுண்டிருக்கார்? கமகமன்னு சந்தனமா இருக்கே" என்றார்.

எனக்கும் மணந்தது. சேறும் மண்ணெண்ணெயும் ஈரப்பஞ்சும் நாறிக்கொண்டிருந்த அந்தத் தகரக் கொட்டகையில், யாரோ கர்ப்பக்கிரகத்துக் கதவைத் திறந்ததுபோல மெல்லிசாக ஒரு சந்தனம்.

மாமி போனபின், பாய் சுவிட்சைத் தூக்கிப் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார். "சேகரு, இந்த அம்மா வந்துட்டுப் போனா கடையே கோயிலு மாரி கீதுபா. இன்னா சந்தனம் அரைச்சுப் பூசிகினு வராங்களோ!"

"நீங்க அத்தர் போட்டிருக்கீங்கன்னு அவங்க சொல்றாங்க."

"நானா? நான் எங்கப்பா போட்டேன்? வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமைதான் போடுவேன். அதுவும் ரோஜா."

நான் இரண்டையும் கேட்டுக்கொண்டேன். இரண்டையும் ஒட்டிப் பார்க்கவில்லை. சந்தன வாசனை இந்த ஊரில் யாருக்கும் ஒரு சேதி இல்லை. காற்று மாதிரி அது. யாராவது ஒருவர் மேல் எப்போதும் இருக்கும்.

வெள்ளிக்கிழமை மதியம்

பாய் தொழுகைக்குப் போயிருந்தார். மாமி அன்று வரவில்லை. ஞாயிறு காலை மந்தைவெளி மண்டபத்துக்கு ஒரு பெரிய சீர், அதற்கு மாவு இடித்துக்கொண்டிருந்தார். மழை தகரத்தின்மேல் விழுந்துகொண்டிருந்தது. பட்டறையில் நானும் காரும்.

ஏறி உட்கார்ந்தேன். இனி என்ன செய்வது என்று தெரியாதவன் செய்வதைச் செய்தேன். சும்மா சுவிட்சைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியில் வழியும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சந்தனம் மணந்தது.

பாய் இல்லை. மாமி இல்லை. என்மேல் கிரீஸ்தான். ஆனாலும் மணந்தது. பொய் சொல்லக்கூடாது, ஒரு நொடி எனக்குப் பயமாகத்தான் இருந்தது. சுவிட்சை விட்டேன். வாசனை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. மறுபடி தூக்கினேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தது. நான் கேட்டால் அது பதில் சொன்னது.

குனிந்து, தந்த நிறச் சுவிட்சுக்குப் பக்கத்தில் மூக்கை வைத்தேன். சூடாக இருந்தது.

திருகாணிகளைக் கழற்றி, சுவிட்சை வெளியே எடுத்துப் பிரித்தேன். செம்புத் தகடுகளுக்கு நடுவே, அவை ஒன்றையொன்று தொட வேண்டிய இடத்தில், மஞ்சளும் சிவப்புமாக, அடுக்கடுக்காக ஒரு பாறை. சந்தனம். குங்குமம். வருஷா வருஷம் வைத்த பொட்டு. ஆயுத பூஜைக்கு வைத்த புதுப் பொட்டைத்தான் ஆற்றுத்தண்ணீர் கரைத்து உள்ளே கொண்டுபோய், பழசோடு சேர்த்துப் பூசி, வடிந்திருக்கிறது. காய்ந்தபின் அது சிமெண்டாகிவிட்டது. துளி கரண்ட் அதன் விளிம்பால் கசிந்து போனது, பல்பு எரிந்தது. மோட்டார் வாய் நிறையக் கேட்டபோது கரண்ட் சந்தனத்தில் முட்டிமுட்டி நின்று, சூடேறி, அதை மணக்க வைத்தது.

என் கண்ணெதிரேதான் சுவிட்சின் முகத்தில் மங்கலாக மஞ்சள் கறை இருந்திருக்கிறது. ஸ்டியரிங்கில் இருந்தது, டாஷ்போர்டில் இருந்தது, பேட்டரியிலும் இருந்தது. எங்கள் பட்டறையில் சுத்தியல், ஸ்பானர், பாயின் தையல் மெஷின் எல்லாவற்றிலும் இருந்தது. பூஜைக்குப் பொரி வாங்கி வந்தவரே பாய்தான். பொட்டில்லாத காரை நான் ரிப்பேர் பார்த்ததே இல்லை. தினம் பார்ப்பதைக் கண் பார்ப்பதில்லை. மூக்கு பார்த்துச் சொல்லிற்று.

அந்தச் சந்தனக் கட்டியைப் பெயர்த்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். மழை கொட்டியது. வருஷா வருஷம் ஒரு பெண் நன்றி சொல்லியிருக்கிறாள், அந்த நன்றி உள்ளே போய் உறைந்திருக்கிறது. தூக்கி எறிய மனசு வரவில்லை.

அன்று மாலையே மாமியைக் கூப்பிட்டனுப்பிக் காட்டினேன். மாமி கட்டியை வாங்கி முகர்ந்தார்.

"நான் வெச்சதுதான்" என்றார். "மத்ததுக்கெல்லாம் ஒரு விரல். இதுக்கு மட்டும் வழிச்சு வைப்பேன். எல்லாத்தையும்விட இதுதானேப்பா... என்னைத் தூக்கி உக்காத்தி வெக்கறது இதுதானே." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்போ இனிமே இதுக்குப் பொட்டே வைக்கப்படாதா?"

பாய்தான் சொன்னார். "கதவு மேல வெய்ங்கம்மா. உள்ள போறதுக்கு சாமிக்கு வழி தெரியாதா இன்னா?"

செம்புத் தகடுகளைப் பெட்ரோலில் கழுவி, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துப் பூட்டினேன். மாமியை உட்காரச் சொன்னேன். சுவிட்சைத் தூக்கினார்.

தேனீக்கள் திரும்பி வந்தன.

பெஞ்சு முழுசும், பாய் புதுசாகத் தைத்த பச்சை ரெக்ஸினோடு, ஒரு பக்கம் முந்தாமல் ஒரு பக்கம் பிந்தாமல், மேலே போயிற்று. நாங்கள் காருக்கு முன்னால் நின்று பார்த்தோம். கொண்டை. நெற்றி. கண்ணாடி. மூக்குத்திகள். பாய் தன்னையறியாமல் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "சுபானல்லா" என்றார்.

அண்ணா முன்சீட்டில்

ஞாயிறு காலை நானும் மாமி வீட்டுக்குப் போனேன், சீட் ஏதாவது தகராறு செய்தால் பார்க்க வேண்டுமே என்று. அண்ணா வந்துவிட்டார். சினிமாக்காரர்கள் பத்து மணிக்கு வருவதாகச் சொன்னார்.

பின்சீட் முழுக்கத் தாம்பாளங்கள். அண்ணாவின் வழக்கமான இடம் அதுதான். தங்கை ஓட்டும் காரில் முன்னால் உட்கார்ந்து அவர் வந்ததே இல்லையாம். ஓரத்தில் எனக்கு மட்டும் கொஞ்சம் இடம் இருந்தது.

"முன்னால வா அண்ணா" என்றார் மாமி. அவர் ஏறி உட்கார்ந்ததும், எல்லாவற்றிலும் பெரிய முறுக்குத் தாம்பாளத்தை அவர் மடியில் வைத்தார். "ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கோ. இது மாப்பிள்ளைக்கு."

மாமி கதவைச் சாத்தினார். அதன் உள்பக்கம் ஒரு புது சந்தனப் பொட்டு இருந்தது. சுவிட்சைத் தூக்கினார்.

பெஞ்சு எழும்பியது. மாமி எழும்பினார். கூடவே அண்ணாவும் எழும்பினார். இடம் இருந்தவரை நிமிர்ந்தபடியே போனார். பிறகு உச்சந்தலை கூரையைத் தொட்டது. சத்தம் நிற்கவில்லை.

"ஜெயா... ஜெயா! என்னடி இது, நிறுத்து!"

"இன்னும் ரோடு தெரியலை அண்ணா. தலையைக் கொஞ்சம் குனிஞ்சுக்கோ."

கைகளை எடுக்க வழியில்லை. மடியில் மாப்பிள்ளை முறுக்கு. ரயில்வே அதிகாரி கழுத்தை மடித்தார். இன்னும் கொஞ்சம் மடித்தார். மோவாய் மார்பில் பட்டபோது சத்தம் நின்றது.

மாமி இரண்டு பக்கமும் பார்த்தார். கிளம்பினார்.

அந்தப் பயணத்தை நான் பலதடவை எழுதிப் பார்த்திருக்கிறேன், பிடிபட்டதில்லை. குளத்தங்கரையில் ஜனங்கள் விலகினார்கள். பூக்காரிகள் கை நிறையப் பூவோடு நிமிர்ந்து பார்த்தார்கள். மழை கழுவிய வெயில். அவர்களுக்குத் தெரிந்தது, கண்ணாடிக்குப் பின்னால் நிமிர்ந்த ஒரு சின்ன முகம், பக்கத்தில் குனிந்த ஒரு பெரிய தலை. பள்ளங்களில் கார் இறங்கியபோது தாம்பாளங்கள் மூச்சுவிடுவதுபோல மெல்ல எழுந்து அமர்ந்தன. அண்ணா குனிந்தபடியே, வேறெங்கும் பார்க்க முடியாமல், மடியிலிருந்த அந்த முறுக்கை மட்டுமே பார்த்துக்கொண்டு வந்தார். சுற்றுக்குள் சுற்று, சுற்றுக்குள் சுற்று. அதை அவ்வளவு கிட்டத்தில் அவர் முன்பு பார்த்திருப்பாரா தெரியாது.

மண்டப வாசலில் சீட் கீழே இறங்கியது. அண்ணா கழுத்தை நிமிர்த்தவில்லை.

"இதை... கையாலயா சுத்தினே?" என்றார்.

"பின்னே காலாலயா?" என்றார் மாமி.

சினிமாக்காரர்களுக்கு அண்ணாவே ஆள் அனுப்பி, கார் கிடையாது என்று சொல்லிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

பட்டறைக்குத் திரும்பினேன். பாய் இரண்டு கிளாஸ் டீ வாங்கி வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். கை காலி.

"இன்னாபா, ஒன்னுகூட ஒடையலியா?"

"ஒண்ணுகூட இல்ல பாய்."

பாய் ஆகாயத்தைப் பார்த்தார், டீயைப் பார்த்தார். "அல்லா! இனிமே டீக்கு இன்னா பண்றது?" என்றார். சொல்லிவிட்டு, சத்தமாக, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.